கலிங்கும் 6.8-ம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஏரி இல்லாத ஊர் ரொம்பக் குறைவு. கரை, மதகு எல்லாருக்கும் தெரியும். கலிங்கைத்தான் யாரும் கண்டுக்கிறதில்லை. ஏரி நிறைஞ்சதும் மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கல்கட்டு அது. அதோட நீளம் பத்தலைன்னா வெள்ளம் கரை மேல ஏறும். மண்கரை உடைஞ்சா அந்த வருஷ நெல்லும் போச்சு, கீழே இருக்கிற ஏரிக்கும் ஆபத்து. சரி, எவ்வளவு நீளம் வேணும்னு எப்படி கணக்குப் போட்டாங்க?

1884-ல் ரைவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னை மாகாணத்துக்குன்னே ஒரு சூத்திரம் கொடுத்தார். ஏரியின் நீர்ப்பிடிப்புப் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால் பெருக்கணும். உச்ச வெள்ளம் ரெடி! பரப்பு இரண்டு மடங்கானா வெள்ளம் சுமார் 1.6 மடங்குதான் ஆகும். தூரத்துத் தண்ணி வந்து சேர நேரமாகும் இல்லையா, அதான்.

மாறிலி எவ்வளவு? மெட்ரிக் கணக்கில், கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் 6.8. அதைத் தாண்டி 160 கி.மீ. வரை 8.5. மலையை ஒட்டிய இடங்களுக்கு 10.2. திண்டிவனம், விழுப்புரம் ரெண்டுமே 6.8-ல் வந்துடும்.

கவனிச்சீங்களா, சூத்திரத்தில் மழையே இல்லை! மழை, மண், சரிவு எல்லாத்தையும் சேர்த்து அந்த 6.8-க்குள்ள ஹார்டுகோட் பண்ணிட்டாங்க (நம்மாளுங்க கோடு மாதிரியே). ஆனா கிராமத்துக்குக் கிராமம் மணிவாரி மழைக்கணக்கு இல்லாத காலத்துல, இது கெட்டிக்கார வேலைன்னுதான் சொல்வேன்.

இப்ப 2024-க்கு வருவோம். ஃபெஞ்சல் புயல்ல, டிசம்பர் 1 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்தில் திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை. 10 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பு உள்ள ஒரு ஏரியை வச்சுக்குவோம். ரைவ்ஸ் கணக்குப்படி உச்ச வெள்ளம் நொடிக்கு சுமார் 32 கன மீட்டர். 51 செ.மீ. மழையில் பாதியை நிலம் குடிச்சுடுச்சுன்னு வச்சாக்கூட, அந்த நாளோட சராசரியே கிட்டத்தட்ட 30! உச்சம் அதைவிட எவ்வளவோ மேல போயிருக்கும். ஏரியில் இடம் காலியா இருந்தா கொஞ்சம் தாங்கும், ஆனா ஐப்பசி மழையில் ஏற்கெனவே நிறைஞ்ச ஏரி என்ன பண்ணும்?

இன்னொரு சிக்கல். நம்ம ஊர் ஏரிகள் சங்கிலித் தொடர். மேல் ஏரி பிடிச்சு வைக்கிற தண்ணிக்காக, கீழ் ஏரிக் கணக்கில் ஒரு தொகையைக் கழிச்சுக்குவாங்க. ஆனா மேல் ஏரி தூர்ந்து போயிருந்தா? ஆக்கிரமிப்புல இருந்தா? இல்ல, உடைஞ்சே போனா? கழிச்சது அத்தனையும் கீழே வந்து நிக்கும். இப்பல்லாம் ஹெச்.ஈ.சி-ஹெச்.எம்.எஸ் மாதிரி இலவச மென்பொருள்ல மணிவாரி மழையைக் கொடுத்து ஏரி ஏரியா ஓட்டிப் பார்க்கலாம். அதுலயும் மேல் ஏரியோட இன்றைய கொள்ளளவை அளந்து கொடுத்தாத்தான் விடை உருப்படும்.

பழைய கலிங்குகள் மேல வரிசையா கல் நட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. மழைக்காலம் முடியும்போது அந்தக் கல்லுங்களுக்கு நடுவுல மண்ணு, வைக்கோல் வச்சு அடைச்சா ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்கும், கடைசித் தண்ணி பாய்ச்ச உதவும். சீக்கிரமே அடைச்சுட்டு, மார்கழியில் ஒரு புயல் வந்தா அவ்வளவுதான். ரைவ்ஸ் சூத்திரத்தில் வந்த நீளமெல்லாம் அந்த இடைவெளி திறந்திருக்குன்னு நம்பிப் போட்டது.