கொச்சி மடல்களில் இரு கணக்குகள்: சவேரியாரும் முத்துக்குளித்துறையும்

முன்னுரை

அழியும் செல்வம், அழியாச் செல்வம் என்னும் பாகுபாடு கிறித்தவ அறச் சிந்தனையின் அடிப்படைகளுள் ஒன்றாகும். மண்ணில் சேர்த்த பொருள் நிலையாது, விண்ணுலகிற்கெனச் சேர்த்ததே நிலைக்கும் என்பது மத்தேயு நற்செய்தியின் 6ஆம் இயல் உணர்த்தும் கருத்து. இக்கருத்து யாரை நோக்கிக் கூறப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் பயன் வேறுபடுகிறது. வறியவரிடம் கூறப்படும்போது அது ஆறுதலாகலாம். அவர்தம் முறையீட்டை அடக்கும் கருவியாகவும் ஆகலாம். பொருள் குவித்தோரிடம் கூறப்படும்போதோ அது அவர்கள் விடையளித்தே தீரவேண்டிய வினாவாகிறது. பதினாறாம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து புனித பிரான்சிசு சவேரியார் எழுதிய மடல்கள் இவ்வேறுபாட்டை விளக்கும் சிறந்த சான்றுகளாகும். அம்மடல்களின் பின்னணியில் தமிழகத்து முத்துக்குளித்துறை மக்களின் வாழ்வு அமைந்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

கொச்சித் துறை

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே அமைந்துள்ள பள்ளுருத்தி, கொச்சி அரசகுலத்தின் ஐந்து தாய்வழிக் கிளைகளுள் (தாவழி) ஒன்றிற்குப் பெயர் தந்த ஊராகும். 1967ஆம் ஆண்டில் கொச்சி மாநகராட்சி உருவானபோது மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி ஆகியவற்றோடு இவ்வூரும் அதனுள் இணைந்தது. இந்நிலப்பகுதியின் வடமுனையில் போர்த்துக்கீசியர் 1503ஆம் ஆண்டில் கோட்டை அமைத்தனர். மிளகு வாணிகத்தின் தலைவாயிலாகக் கொச்சி விளங்கியது. மிளகேற்றிய கப்பல்கள் பருவக்காற்றை நோக்கிப் பெரும்பாலும் சனவரித் திங்களில் இத்துறையினின்று போர்ச்சுகலுக்குப் புறப்பட்டன. சவேரியாரின் முதன்மையான மடல்கள் பல கொச்சியில், அதுவும் சனவரியில், எழுதப்பட்டமைக்கு இதுவே காரணம். அரசனின் கருவூலத்தை நிரப்பும் சரக்கும் அக்கருவூலத்தைப் பற்றி வினவும் மடலும் ஒரே கப்பற்படையில் சென்றன.

முத்தும் திருமுழுக்கும்

முத்துக்குளித்துறைக்கும் கொச்சிக்கும் உள்ள தொடர்பு சவேரியாருக்கு முற்பட்டது. முத்துக்குளிப்பு உரிமை குறித்து எழுந்த பூசலில் நெருக்குண்ட பரதவர், 1535ஆம் ஆண்டளவில் தம் தலைவர்களான பட்டங்கட்டிகளைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டினர். குதிரை வணிகரான சுவாம் தா குரூசு என்பார் இவ்வழியை அவர்களுக்குக் காட்டினார். வந்தோர் கொச்சியில் திருமுழுக்குப் பெற்றனர். அடுத்து வந்த ஈராண்டுகளில் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்பது வரலாற்றாசிரியர் பலரும் கூறும் கணக்கு.

இம்மனமாற்றத்தில் சமய நாட்டத்தோடு உயிரையும் தொழிலையும் காத்துக்கொள்ளும் தேவையும் கலந்திருந்தது வெளிப்படை. ஆனால் பாதுகாப்பு விலையின்றிக் கிடைக்கவில்லை. முத்துக்குளிப்பின் வருவாயில் ஒரு பங்கு போர்த்துக்கீசிய அரசிற்குச் சென்றது. விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்ட வணிகன் தன் உடைமை அனைத்தையும் விற்று அதனை வாங்கினான் என்னும் நற்செய்தி உவமை நன்கறியப்பட்டது. அவ்வுவமையில் வணிகன் உண்டு, முத்தும் உண்டு, மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவன் இல்லை. முத்துக்குளித்துறையில் கிறித்தவ மறையைக் கேட்டவர்களோ கடலில் இறங்கியவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் ஆவர். விற்றுத் துறக்கத்தக்க உடைமை அவர்களுள் பெரும்பாலோரிடம் இருந்ததில்லை.

அரசிக்குரிய பணம்

1542ஆம் ஆண்டின் இறுதியில் சவேரியார் இக்கடற்கரையை அடைந்தார். தமிழில் அவர் பெற்ற பயிற்சி மிகச் சிறிதே. உள்ளூரார் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைத் திரட்டிக் கற்பித்த முறையை 1544ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமைத் தோழர்க்கு எழுதிய மடலில் அவரே விவரித்துள்ளார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரிசுக்கு, சென்று, கல்வியை மட்டும் பெருக்கி அதனால் பிறர்க்குப் பயன் விளைக்காதோரிடம் உரத்துக் கூவவேண்டும் என்ற தம் ஆவலையும் அம்மடலில் அவர் தெரிவிக்கிறார். செல்வம் என்னும் சொல் அவர்க்குப் பொன்னை மட்டும் குறிக்கவில்லை. பயன்படுத்தப்படாத கல்வியும் கணக்குக் காட்டவேண்டிய செல்வமே என்பது இதனால் புலனாகிறது.

சிற்றூர்தோறும் மறைக்கல்வி தொடர்வதற்குக் கணக்கப்பிள்ளைகள் அமர்த்தப்பெற்றனர். தமிழகத்து வரவுசெலவு எழுதுவோரைக் குறிக்கும் இச்சொல், சவேரியாரின் மடல்களில் மறைக்கல்வி ஆசிரியரைக் குறிக்கும் சொல்லாக இடம்பெறுகிறது. செபம் கற்பித்தலும், இறக்கும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தலும் அவர்களின் கடமைகள். அவர்களுக்கு ஊதியம் வழங்கப் பொருள் வேண்டியிருந்தது. முத்துக்குளித்துறையின் வருவாயில் ஆண்டுதோறும் 4000 பணம் போர்த்துக்கீசிய அரசி கத்தரீனாவின் காலணிச் செலவிற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகை கணக்கப்பிள்ளைகளின் ஊதியத்திற்கு மாற்றப்பட்டது. மறை கற்ற சிறுவர் சிறுமியரே அரசி விண்ணுலகிற்கு ஏறிச்செல்ல ஏற்ற காலணிகள் என்னும் பொருள்பட சவேரியார் அவருக்கு எழுதினார் என்பர். கடலில் இறங்கியோரின் உழைப்பில் விளைந்த பணத்தில் ஒரு பகுதி இவ்வாறு அவர்களின் பிள்ளைகளுக்கே திரும்பியது. அழியும் செல்வத்தை அழியாச் செல்வமாக மாற்றுதல் என்பது இங்கு உருவகமன்று. வரவு செலவில் நிகழ்ந்த ஒரு மாற்றம்.

சனவரி மடல்கள்

1545ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் கொச்சியிலிருந்து மன்னன் மூன்றாம் ஜானுக்கு எழுதிய மடலில் சவேரியார் வெளிப்படையாகவே கணக்குக் கேட்கிறார். இந்தியாவினின்று மன்னன் பெறும் வருவாயையும், அந்நாட்டில் இறைப்பணிக்கென அவன் செலவிடுவதையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறார். வரி தண்டுவதில் சோர்வுற்ற அலுவலரை ஒறுத்த மன்னன், இறைவனுக்கு எதிராக நடந்த அலுவலரை ஏன் ஒறுக்கவில்லை என்னும் வினா இறுதித் தீர்ப்பில் எழலாம் என எச்சரிக்கிறார்.

அதே ஆண்டு சனவரி 27ஆம் நாள் சிமோன் உரோட்ரிகசு அடிகளுக்கு எழுதிய மடல் மொழி ஆய்வாளர்க்குச் சுவை பயப்பது. நண்பர் எவரையும் அரசுப் பதவியேற்று இந்தியா வரவிடவேண்டா என அறிவுறுத்தும் சவேரியார், இலத்தீனில் 'பறித்தல்' எனப் பொருள்படும் வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, அலுவலர்கள் அவ்வினைக்குப் புதிய காலங்களையும் எச்சங்களையும் படைத்து வருவதாக எள்ளுகிறார். கையூட்டும் கொள்ளையும் தனியொருவரின் குற்றமாக நில்லாது, எல்லோரும் பேசும் மொழியைப் போல இயல்பாகிவிட்டமையை இவ்விலக்கண உவமை காட்டுகிறது. 1544ஆம் ஆண்டில் மன்சிலாசு என்பார்க்கு எழுதிய மடல்களில், கடற்கரையில் போர்த்துக்கீசியர் இழைத்த கொடுமைகள் பற்றிய முறையீடுகள் இடம்பெறுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

1548ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் உரோட்ரிகசு அடிகளுக்கு எழுதிய மடலில், உலகம் முழுவதையும் பெற்றவன் தன் ஆன்மாவை இழந்தால் அவனுக்கு வரும் ஊதியம் யாது என்னும் நற்செய்தி வினாவை மன்னன் நாள்தோறும் கால்மணி நேரம் சிந்திக்கவேண்டும் என விரும்புகிறார். 1549ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் மன்னனுக்கு எழுதிய மடலிலோ, இந்நாட்டின் செல்வத்தை எடுத்துச்செல்ல மன்னனுக்கு ஆற்றல் உண்டு, மறையை வளர்க்க ஆற்றல் இல்லை என்பதைப் பட்டறிவால் உணர்ந்ததாக எழுதி விடைபெறுகிறார். அதே ஆண்டில் அவர் யப்பானை அடைந்தார்.

இம்மடல்களின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். போர்த்துக்கீசிய ஆட்சி இந்நாட்டில் நிலவுவதே முறையா என்னும் வினாவைச் சவேரியார் எழுப்பவில்லை. மறைபரப்பலுக்கு அரச அதிகாரத்தைப் பயன்படுத்த அவர் விழைந்தார்; 1546ஆம் ஆண்டில் சமய விசாரணை மன்றம் கோவாவிற்கு வேண்டும் என்று எழுதியவரும் அவரே. ஆயினும் பற்றற்ற வாழ்வைப் போதிக்கும் மறைமொழியை அவர் முத்துக்குளிப்போர்மீது சுமத்தி நிறுத்தாமல், அவர்தம் உழைப்பால் வளம்பெற்ற அரியணையை நோக்கித் திருப்பினார் என்பதை மறுத்தல் இயலாது.

தமிழ் மரபில் பொருள்

இச்சிந்தனை தமிழர்க்குப் புதியதன்று. நாலடியார் செல்வம் நிலையாமையையே தன் முதல் அதிகாரமாகக் கொண்டுள்ளது. திருக்குறள் அருளுடைமை அதிகாரத்தில் அருட்செல்வத்தையும் பொருட்செல்வத்தையும் வேறுபடுத்துகிறது. அதே நூல் பொருள்செயல்வகை அதிகாரத்தில் பொருளை இகழாது, அஃது ஈட்டப்பட்ட வழியையே அளவுகோலாக்குகிறது. குடிமக்களிடம் பொருள் பறிக்கும் அரசனைக் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வழிப்பறி செய்வோனுடன் வைத்து எண்ணுகிறது. கொச்சி மடல்களில் மன்னனிடம் கேட்கப்பட்ட கணக்கு இத்தமிழ் அளவுகோலுக்கு அயலானதன்று. சவேரியார் தமிழ் நூல்களை அறிந்தவரல்லர். ஆகவே இதனைத் தாக்கம் எனக் கொள்ளாது, இணையான சிந்தனை எனக் கொள்வதே பொருந்தும்.

அச்சேறிய நூல்கள்

சவேரியார் விட்ட மொழிப்பணியை நிறைவேற்றியவர் அண்டிரிக் அடிகளார். 1546ஆம் ஆண்டில் இந்தியா வந்த இவர், தமிழை முறையாகக் கற்று இலக்கணமும் எழுதினார். புன்னைக்காயலில் மக்களின் உதவியுடன் மருத்துவமனை ஒன்றையும் நடத்தினார். இவரது தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டு கொல்லத்திலும், கிரிசித்தியானி வணக்கம் 1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சி தேவ அன்னை கல்லூரியிலும் அச்சாயின. பாவ அறிக்கைக்கு ஆயத்தம் செய்யும் கொம்பெசியொனாயரு 1580ஆம் ஆண்டு கொச்சியில் வெளிவந்தது. பறித்த பொருளை உரியவரிடம் திருப்பித் தருதல் கத்தோலிக்கப் பாவ அறிக்கைக் கோட்பாட்டின் இன்றியமையாக் கூறாகும். ஆகவே இத்தகைய நூலை ஆன்மாவின் கணக்கேடு எனலாம்.

தமிழ் அச்சுப்பணிக்கென முத்துக்குளித்துறை மக்கள் 400 குருசாதோ வழங்கினர். அரசியின் காலணிக்குச் சென்ற பணம் அவர்களைக் கேட்டு எடுக்கப்பட்டதன்று. இதுவோ அவர்களே மனமுவந்து ஈந்தது. 1586ஆம் ஆண்டில் அச்சான அடியார் வரலாற்றின் படி ஒன்றைத் தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்தார். 1967ஆம் ஆண்டில் இராசமாணிக்கம் அடிகள் அதனைப் பதிப்பித்தார்.

முடிவுரை

1658ஆம் ஆண்டில் தூத்துக்குடியையும் 1663ஆம் ஆண்டில் கொச்சியையும் டச்சுக்காரர் கைப்பற்றினர். போர்த்துக்கீசியரின் மிளகு வாணிகமும் முத்து வருவாயும் கைமாறின. முத்துக்குளித்தோர் பின்னரும் கடலில் இறங்கினர். வரி பெறுவோரே மாறினர். அரசன் திரட்டிய செல்வம் நிலைக்கவில்லை என்பதற்கு வரலாறு சான்றாகிறது. ஆனால் அவ்வுண்மை மட்டும் உழைத்தவர்க்கு நீதியாகிவிடாது. நிலைத்த செல்வம் பற்றிய போதனை எவரிடம் முதலில் கூறப்படவேண்டும் என்பதற்குக் கொச்சி மடல்கள் தரும் விடை தெளிவானது: பெற்றவரிடமே முதலில் கணக்குக் கேட்கவேண்டும். கொடுக்கும் உரிமை தமக்கு வாய்த்தபோது முத்துக்குளித்துறை மக்கள் அதனைத் தம் மொழியின் அச்செழுத்திற்கு ஈந்தனர். அந்நூல்களுள் எஞ்சிய சில படிகளின் வாயிலாகவே அவர்களின் ஈகையை இன்றும் அறியமுடிகிறது.