சுவருக்குள் ஒரு வரலாறு: பிரிக்பீல்ட்ஸ் வீடுகளின் பழைய கம்பிவடங்கள்



கல்வெட்டைப் படித்துப் பாராமல் அதன்மேல் சுண்ணாம்பு பூசுபவரை நாம் கடிந்து பேசுகிறோம். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் பழைய கம்பிவடத்தையோ, அது என்னவென்றே பாராமல் வெட்டி எறிகிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இணையத்திற்கு மாறின. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் என் மாணவர் சிலருக்கு வரவேற்பறையில் மட்டுமே இணையம் எட்டியது. பின்னறையில் அமர்ந்த பிள்ளையின் திரையில் ஆசிரியர் முகம் உறைந்து நின்றது. பின்னாளில் அவ்வீடுகள் சிலவற்றுக்குச் சென்றபோது, அதே பின்னறைச் சுவரில் பயன்படாத சாக்கெட் ஒன்று தூசி படிந்து கிடந்ததைக் கண்டேன். அதன் பின்னால் கம்பி இருந்தது. அது என்ன கம்பி என்று சொல்வார்தாம் இல்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

1. கடல்வழி வந்த கம்பி

தமிழகத்தையும் மலாயாவையும் முதன்முதலில் இணைத்த கம்பி கடலுக்கடியில் வந்தது. 1870ஆம் ஆண்டு சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் தந்திக் கம்பிவடம் இடப்பட்டது. கப்பலில் பல நாள் பயணம் செய்த செய்தி, அதன்பின் அன்றன்றே வந்து சேரலாயிற்று.

கடல்நீர் புகாதவாறு அக்காலக் கம்பிவடங்களுக்கு உறையாக அமைந்தது 'கட்டாபெர்ச்சா' என்னும் மரப்பால். அது மலாயாக் காடுகளிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் கிடைத்த பொருள். 1843இல் மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளிலேயே உலகின் பெரும்பாலான கடற்கம்பிகள் அந்தப் பாலை நம்பின. நம் மக்கள் பால்மரம் சீவ வருமுன்பே இம்மண்ணின் வேறொரு மரத்துப் பால் உலகத்தை இணைத்துவிட்டது!

கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பின்னர் இரயில்வே பணியாளர் குடியிருப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தோர் எழுத்தராகவும் தொழிலாளராகவும் இங்கே வாழ்ந்தனர். இருப்புப்பாதை நெடுகத் தந்திக்கம்பி செல்வது அக்கால வழக்கம். பின்னர்த் தொலைபேசிக் கம்பி தெருவுக்கு வந்தது. அதன்பின் வீட்டுக்குள் நுழைந்தது.

2. முறுக்கிய இணையின் கதை

இன்றைய கணினிக் கம்பிவடத்தின் அடிப்படை, தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் கருத்தே. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறும். மறுமுனையில் அதை நீக்கிவிடலாம். இதற்கு அவர் 1881இல் காப்புரிமை பெற்றார்.

1973இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் இராபர்ட் மெட்காஃப் 'ஈதர்நெட்' முறையை முன்மொழிந்தார். அது முதலில் தடித்த ஓரச்சுக் கம்பிவடத்தில் ஓடியது. 1990இல் வந்த தரநிலை, முறுக்கிய இணைக் கம்பியிலேயே விநாடிக்கு 10 மெகாபிட் செல்ல வழிசெய்தது. 1995இல் அது 100 மெகாபிட் ஆயிற்று. 1999இல் 1000 ஆயிற்று.

நம் நாட்டில் தொலைபேசித் துறை 1987இல் நிறுவனமாக மாற்றப்பட்டது. 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் சேவை, தொலைபேசியின் அதே செப்புக் கம்பியில் அகண்ட அலைவரிசையைக் கொண்டுவந்தது. 2010இல் யூனிஃபை ஒளியிழையோடு வந்தது. அடுக்குமாடிகள் பலவற்றில் ஒளியிழை கட்டடத்தின் தொலைத்தொடர்பு அறையோடு நின்றது. அங்கிருந்து வீடுவரை பழைய செம்பே வேலை செய்தது. ஆகவே, ஒரே சுவரில் மூன்று தலைமுறைக் கம்பிகள் அருகருகே கிடப்பதில் வியப்பில்லை.

3. அடையாளம் காண்பது எப்படி?

முதலில் உறையின்மேல் அச்சிட்ட எழுத்துகளைப் படியுங்கள். அதுதான் கம்பியின் கல்வெட்டு. 'கேட் 3' என்றால் 10 மெகாபிட்டுக்குரியது. 'கேட் 5' என்றால் 100 மெகாபிட்டுக்கு உறுதி. நான்கு இணைகளும் பழுதின்றி இருந்தால் 1000 மெகாபிட்டும் செல்லும். 'கேட் 5இ', 'கேட் 6' என்றால் கவலையே வேண்டா.

அடுத்து, உள்ளே எத்தனை கம்பிகள் என்று எண்ணுங்கள். இரண்டோ நான்கோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் தொலைபேசிக் கம்பி. நீலம், செம்மஞ்சள், பச்சை, பழுப்பு எனும் நான்கு நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் துணை, ஆக எட்டுக் கம்பிகள் முறுக்கிய நிலையில் இருந்தால் அது கணினி வலையமைப்புக்கு உரியது. எட்டும் இருந்து, நீல இணை மட்டும் தொலைபேசிச் சாக்கெட்டில் பொருத்தப்பட்டிருப்பதும் உண்டு. அதுவே நமக்குக் கிடைத்த புதையல்!

நடுவில் ஒற்றைக் கம்பியும் சுற்றிலும் வலைப்பின்னலும் கொண்டது ஓரச்சுக் கம்பிவடம். வீடுகளில் காணப்படுவது பெரும்பாலும் 75 ஓம் தொலைக்காட்சிக் கம்பி. பழைய அலுவலகங்களின் 50 ஓம் கணினிக் கம்பி வேறு. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை. ஒன்றின் வேலைக்கு மற்றது உதவாது.

இறுதியாக, கம்பி செல்லும் வழியைக் காணுங்கள். தொலைபேசிச் சாக்கெட்டுகள் மாலைபோல் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கலாம். கணினிக்கோ ஒவ்வோர் அறையிலிருந்தும் தனிக் கம்பி ஓரிடத்திற்கு வந்து சேர வேண்டும். ஒரு முனையில் ஒலியெழுப்பி மறுமுனையில் கேட்கும் சிறு கருவி மின்பொருள் கடைகளில் கிடைக்கும். எக்கம்பி எங்கே செல்கிறது என்பதை அது காட்டிவிடும்.

ஓர் எச்சரிக்கை: இயங்கும் தொலைபேசி இணைப்பில் ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும், மணி அடிக்கும்போது அது மேலும் உயரும். ஆகவே, வெளியிணைப்பை முழுமையாகப் பிரித்த பிறகே கம்பியைத் தொடுங்கள். தொலைபேசி இணைப்பு உள்ள கம்பியைக் கணினிச் சாதனத்தில் ஒருபோதும் செருகாதீர்கள்.

4. நீட்டிப்பது எப்படி?

கம்பிகளை விரலால் முறுக்கி நாடா சுற்றுவது நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிறது. மின்விளக்குக்கே அது தீது. கணினிக் கம்பிக்கு முற்றிலும் ஆகாது. முறுக்கு அவிழ்ந்த இடத்தில் பெல் தடுத்த இரைச்சல் மீண்டும் புகுந்துவிடும். முனைகளில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கலாகாது.

சரியான வழி, பழைய கம்பியின் இரு முனைகளிலும் கணினிச் சாக்கெட் பொருத்துவது. நிற வரிசைக்கு 'ஏ', 'பி' என இரண்டு முறைகள் உண்டு. செம்மஞ்சளும் பச்சையும் இடம் மாறுவதே வேறுபாடு. எதைக் கொண்டாலும் இரு முனையிலும் அதையே கொள்ளுங்கள். அங்கிருந்து ஆயத்தக் கம்பி ஒன்றைச் செருகி நீட்டிக்கொள்ளலாம். மொத்த நீளம் 100 மீட்டருக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் நடுவில் ஒரு சிறு சுவிட்ச் வைத்தால் போதும். கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும்.

மின்கம்பியோடு ஒரே குழாயில் இதனைச் செலுத்தாதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னல் மிகுந்த நிலம். வீட்டுக்கு வெளியே செப்புக் கம்பியை இழுத்தால் மின்னலின் தாக்கம் சாதனங்களுக்கு எளிதில் வந்துசேரும். கட்டடம் விட்டுக் கட்டடம் செல்வதற்கு ஒளியிழையே ஏற்றது.

5. எழுதி வையுங்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' இரயில்வே வீடுகள் 2010களில் இடிப்புக்கு உள்ளாயின. வீடுகளோடு அவற்றின் சுவர்களில் இருந்தவையும் மண்ணோடு போயின. எந்த வீட்டுக்கு எப்போது மின்சாரமும் தொலைபேசியும் வந்தன என்பதைச் சொல்லக்கூடிய சான்றுகள் அவை. அவற்றை யாரும் குறித்துவைக்கவில்லை என்பதே என் மனக்குறை.

எனவே, ஒரு கம்பியை அடையாளம் கண்டவுடன் சிறு தாளில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: அது என்ன வகை, எங்கே செல்கிறது, எந்த நாளில் சோதித்தீர்கள். அதனைச் சாக்கெட் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அவர்கள் கையாலேயே தமிழில் எழுதச் சொல்லுங்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்த மூடியைத் திறப்பவர், சுவரை உடைக்காமலேயே விடை பெறுவார்.

உங்கள் வீட்டுச் சுவரில் என்ன இருக்கிறது? இவ்வார இறுதியில் ஒரு மூடியைத் திறந்து பாருங்களேன்.