எடைக்குப் போகும் திகில்

 

வண்டலூரில், எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில், தராசில் ஏறவிருந்த கட்டிலிருந்து ஒரு ‘திகில் காமிக்ஸ்’ இதழை உருவினேன். அட்டை இல்லை. பின் துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாள் பழுப்பேறியிருந்தது. முதல் பக்கத்தில் நீலப் பேனாவில் ஒரு பையனின் பெயர், கீழே ‘6-ஆம் வகுப்பு, ஆ பிரிவு’. “எடுத்துட்டுப் போங்க சார், இதுக்கு என்ன காசு” என்றார் கடைக்காரர்.

சிவகாசியிலிருந்து 1984-இல் லயன் காமிக்ஸைத் தொடங்கிய எஸ். விஜயன், 1986-இல் பேய்க்கதைகளுக்கென்றே கொண்டுவந்த இதழ் ‘திகில்’. அதில் வந்த கறுப்புக் கிழவியை நினைத்து, இரவில் கொல்லைப்புறம் போகப் பயந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் கதை. மீதி, கறுப்பு மை. 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துவிடும். உலோகக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அந்தக் கையைச் சுற்றி நிழலை அப்பி வைத்திருப்பார். அது பேய்க்கதை இல்லைதான். ஆனாலும் இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை நாமே நினைத்து நடுங்கும்படி விட்டுவிடுவார். அதற்கு வண்ணம் பூசினால் பயம் போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படிப்பட்ட கறுப்பு வெள்ளைப் பயத்தை மற்ற நாடுகள் எப்படிக் காப்பாற்றின என்று பாருங்கள். அமெரிக்காவில் 1954-இல் காமிக்ஸுக்குத் தணிக்கை விதிகள் வந்தபின், பேய்க்கதைகளுக்கு இடமில்லாமல் போனது. 1964-இல் வாரன் நிறுவனம் ‘கிரீப்பி’யைப் பெரிய அளவில், கறுப்பு வெள்ளைப் பத்திரிகையாகப் போட்டது. பத்திரிகை என்பதால் அந்த விதிகள் அதைத் தொடவில்லை. 2008 முதல் அந்த இதழ்கள் கெட்டி அட்டைத் தொகுப்புகளாக வரத் தொடங்கின. இங்கிலாந்தின் ரெபெல்லியன் நிறுவனம் 2016-இல் ‘மிஸ்டி’ இதழின் பேய்க்கதைகளையும், 2021-இல் மாயாவியின் ஆங்கில மூலத்தையும் தொகுத்துப் போட்டது.

தமிழிலும் மாயாவி கதைகள் மறுபதிப்பு கண்டுவிட்டன. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் அவற்றை வாங்க நரைத்த தலைகள் முண்டியடிப்பதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஆனால் மறுபதிப்பு கதையைத்தான் மீட்டுத் தரும். அன்றைய தமிழ் வசனம், வாசகர் கடிதம், அடுத்த இதழ் விளம்பரம், ஆறாம் வகுப்புப் பையனின் கையெழுத்து எல்லாம் பழைய பிரதியில் மட்டுமே உண்டு. தாத்தா காலத்து நாவல்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்த நாம், காமிக்ஸை மட்டும் கிலோக் கணக்கில் போட்டுவிட்டோம்.

தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணைக் காலி செய்யும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். ‘திகில்’ கிடைத்தால், அட்டை கிழிந்திருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. முதலில் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.