உடல் நாற்றம்

உடல் நாற்றம் என்பது தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையிலுள்ள சில பொருட்களைச் சிதைப்பதால் உண்டாகும் மணம் ஆகும். பழந்தமிழில் நாற்றம் என்னும் சொல் நறுமணத்தையும் குறித்தது. இன்று அது தீய மணத்தையே குறிக்கிறது. வியர்வைதான் நாறுகிறது என்று பலரும் கருதுவர். உண்மையில், சுரந்தவுடன் வியர்வைக்கு ஏறத்தாழ மணமே இல்லை. நாள்தோறும் குளித்தும் நாற்றம் நீங்காத ஒருவர் தம் உடலைக் குறைகூறுமுன் உடுத்தும் துணியை ஆராய்வது நல்லது.

தோன்றும் விதம்

தோலில் இருவகை வியர்வைச் சுரப்பிகள் முதன்மையானவை. எக்ரைன் சுரப்பிகள் உடல் முழுவதும் 20 முதல் 40 இலட்சம் வரை பரவியுள்ளன. நீரையும் உப்பையும் வெளியேற்றி உடலைக் குளிர்விக்கின்றன. அப்போக்ரைன் சுரப்பிகள் அக்குள், கவட்டி போன்ற சில இடங்களில் மட்டும் உள்ளன. இவை பருவமடையும்போதே செயற்படத் தொடங்குவதால் சிறு குழந்தைகளின் அக்குள் நாறுவதில்லை. இவற்றின் சுரப்பில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். கொரைனிபாக்டீரியம், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் முதலிய பாக்டீரியாக்கள் இச்சுரப்பைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களையும் கந்தகச் சேர்மங்களையும் உருவாக்குகின்றன. கந்தகச் சேர்மங்கள் மிக நுண்ணிய அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும்.

மரபும் இதில் பங்கு கொள்கிறது. காதுக்குறும்பி உலர்ந்திருக்குமா பிசுபிசுப்பாக இருக்குமா என்பதை ஏபிசிசி11 என்ற மரபணு தீர்மானிப்பதாக 2006 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். உலர்ந்த குறும்பி உடையவர்களுக்கு அக்குள் நாற்றமும் மிகக் குறைவு. கொரியா, சீனா, ஜப்பான் மக்களில் பெரும்பாலோர் இத்தகையோர்.

துணியில் தங்கும் நாற்றம்

துவைத்து உலர்ந்தபோது மணமற்றிருக்கும் சட்டை, அணிந்த சிறிது நேரத்திலேயே நாறத் தொடங்குவதுண்டு. துவைத்தபின்னும் இழையில் தங்கிய எண்ணெய்ப்பசையும் பாக்டீரியாவும் உடற்சூட்டையும் ஈரத்தையும் பெற்று மீண்டும் வினைபுரிவதே இதற்குக் காரணம். பாலியெஸ்டர் இழை நீரை உறிஞ்சாது. ஆனால் எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி செய்த 26 பேரின் சட்டைகளை ஆராய்ந்து 2014 இல் முடிவுகளை வெளியிட்டனர். பருத்திச் சட்டைகளைவிடப் பாலியெஸ்டர் சட்டைகள் மோசமாக நாறின. அவற்றில் மைக்ரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா செழித்திருந்தது.

மழைக்காலத்தில் உலராத துணியில் எழும் முடைநாற்றம் வேறு. மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியாவே அதன் முதன்மைக் காரணம் என்று 2012 இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. இது உலர்வையும் புற ஊதாக் கதிரையும் தாங்க வல்லது. எனவே வெயிலில் காயப்போடுவது நன்றெனினும், நாற்றம் ஏறிவிட்ட துணிக்கு அது மட்டும் போதாது. வெப்பம் வேண்டும். 60 பாகை செல்சியஸ் நீரில் துவைத்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அழியும். உவர்மண் கரைசலில் தோய்த்த துணிகளை நீராவியில் வேகவைக்கும் தமிழகத்து வெள்ளாவி முறை, நுண்ணுயிரியல் தோன்றுமுன்னரே இவ்வேலையைச் செய்துவந்தது.

வெந்நீர் தாங்காத துணிகளைச் சோடியம் பெர்கார்பனேட் கலந்த நீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பித் துவைத்தால் அக்குள் பகுதி நன்கு அலசப்படும். குளோரின் கலந்த வெளுப்பானுடன் வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சுவாயுவான குளோரின் வெளிப்படும். சலவை இயந்திரமும் நாற்றத்தின் உறைவிடமாகலாம். அவ்வப்போது துணியின்றி வெந்நீரில் ஓடவிட்டு, பயன்படுத்தியபின் கதவைத் திறந்துவைக்க வேண்டும்.

தோலுக்குரியவை

டியோடரண்ட் பாக்டீரியாவைக் குறைத்து மணமூட்டும், வியர்வையைத் தடுக்காது. வியர்வையடக்கிகளிலுள்ள அலுமினிய உப்புகள் சுரப்பியின் வாயைத் தற்காலிகமாக அடைக்கும். இவற்றைக் குளித்தவுடன் ஈரத்தோலில் பூசுவதைவிட, இரவில் உலர்ந்த தோலில் பூசுவதே பயன் தரும். நம் வீடுகளிலுள்ள படிகாரமும் ஓர் அலுமினிய உப்பே. பென்சாயில் பெராக்சைடு கலந்த கழுவிகளையும் மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. அவை பட்டால் துணியின் சாயம் வெளுக்கும்.

நோயும் நாற்றமும்

உடல்மணம் திடீரென மாறினால் மருத்துவரை அணுக வேண்டும். மூச்சில் பழவாடை வீசுவது நீரிழிவுக்காரரின் இரத்தத்தில் கீட்டோன்கள் மிகுந்ததைக் காட்டலாம். அது உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலையாகும். தம்மிடம் நாற்றமே இல்லாதபோதும் இருப்பதாக நம்பி வருந்தி ஒதுங்கி வாழ்வோரும் உள்ளனர். அவர்களுக்கு வேண்டியது உளநல மருத்துவம்.

டிரைமெத்திலமினூரியா என்னும் அரிய மரபுக் குறைபாடு உடையோரின் வியர்வை, மூச்சு, சிறுநீர் ஆகியவற்றில் மீன்வாடை வீசும். டிரைமெத்திலமீனை மணமற்றதாக மாற்றும் கல்லீரல் நொதி இவர்களிடம் குறைபாடுடையதாக உள்ளது. குளிக்காதவர் என்ற பழியை இவர்கள் பள்ளியிலும் பணியிடத்திலும் சுமக்க நேர்கிறது. எத்தனை முறை குளித்தாலும் வாடை உள்ளிருந்தே வருகிறது. கடல்மீன், முட்டை மஞ்சள்கரு, ஈரல் முதலியவற்றை மருத்துவ அறிவுரையுடன் குறைப்பது உதவும். டிரைமெத்திலமீன் ஒரு காரம் ஆதலால், காரத்தன்மையுள்ள வழக்கமான சவர்க்காரத்திற்கு மாறாக, பிஎச் 5.5 முதல் 6.5 வரையுள்ள மென் அமிலக் கழுவிகள் அதை எளிதில் ஆவியாகாத உப்பாக மாற்றிக் கழுவிவிடுகின்றன.