படத்தைப் பார்த்துக் கட்டிய மாளிகை

பழைய அச்சுப்படங்களை வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி மகிழ்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட படங்களை முன்னிட்டு ஒரு மாளிகையையே கட்டியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷயரில், மோர்டன்-இன்-மார்ஷ் என்ற சிற்றூருக்கு அருகே இருக்கும் சீஸின்கோட் மாளிகையின் சரித்திரம் அத்தகையது. ஆங்கிலேய மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே, மொகலாய பாணியில் வெங்காய வடிவச் செப்புக் குவிமாடமும் அகன்ற கொடுங்கையுமாக அது நிற்பதைப் பார்ப்பவர்கள் வியக்காமல் இருக்க முடியாது.

இந்த நிலத்தை 1795-ல் வாங்கியவர் கர்னல் ஜான் காக்கரெல். அவர் 1798-ல் காலமானபின் அது தம்பி சார்லஸ் வசம் வந்தது. சார்லஸ் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்து, தபால் இலாகாவின் தலைவராகி, வியாபாரத்திலும் பங்கு கொண்டு பெரும் பொருள் சேர்த்தவர். இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பியவர்களை அக்காலத்து ஆங்கிலேயர் 'நபாப்' என்று சற்றுப் பொறாமையோடு கேலி செய்வது வழக்கம். சார்லஸோ அதை மறைக்க விரும்பவில்லை. தமது செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை வீட்டின் முகப்பிலேயே காட்டிவிட்டார்!

கட்டிடத்தை வடிவமைத்தவர் மற்றொரு சகோதரரான சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல். வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு டேல்ஸ்ஃபோர்டு மாளிகையைக் கட்டித் தந்தவரும் இவரே. ஆனால் இவர் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. அப்படியானால் குவிமாடத்தையும் கொடுங்கையையும் எங்கே கண்டார்? அச்சுப்படங்களில்தான்.

அப்படங்களைத் தந்தவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும். 1786-ல் கல்கத்தா வந்து சேர்ந்த இவர்கள், கங்கைக் கரை வழியாக வடக்கே இமயமலை அடிவாரம் வரை சென்றார்கள். 1792-ல் சென்னைக்கு வந்து தெற்கே பிரயாணம் செய்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில், மதுரை அரண்மனை, மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்கள், பாபநாசம் அருவி ஆகியவை எல்லாம் இவர்கள் படங்களில் உண்டு. 1794-ல் ஊர் திரும்பி, 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்களை வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து, மை பூசி அச்சிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டுவது இதன் முறை. 'அக்வாடின்ட்' என்று பெயர்.

மாளிகை வேலை 1805 வாக்கில் தொடங்கியபோது தாமஸ் டேனியலே தோட்டத்துக்கு ஆலோசகரானார். சூரிய பகவானுக்கு ஒரு சிறு ஆலயம், அதன் முன் ஒரு குளம், மூன்று தலை நாகம், பாலத்தின் மேல் நந்திகள் என்று அமைந்தன. நந்திகளை எடுத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, விசுவகர்மாவே வந்து எட்டிப் பார்த்தாலும் அவற்றை அசைக்கக் கூடாது என்றுதான் சொல்வார் என்ற பொருளில் டேனியல் கடிதம் எழுதினார்.

1807-ல் இளவரசர் (பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர்) இங்கு வந்து பார்த்தார். பிரைட்டன் நகரில் அவருக்காக ஜான் நாஷ் 1815 முதல் புதுப்பித்துக் கட்டிய குவிமாட அரண்மனைக்கு இந்த வீடும் ஒரு தூண்டுகோல்.

ஆனால் சீஸின்கோட்டின் வாசற்படியைத் தாண்டினால் இந்தியா மறைந்துவிடும். உள்ளே முழுவதும் கிரேக்க, ரோமானிய பாணி. வெளியிலும் மொகலாயக் குவிமாடமும் ஹிந்து ஆலயமும் ஒரே தோட்டத்தில் கலந்து நிற்கின்றன. சூரியனுக்குக் கோயில் உண்டு, அர்ச்சகர் இல்லை. நந்தி உண்டு, எதிரே சிவபெருமான் சன்னதி இல்லை. அச்சுப்படம் உருவத்தைக் கடல் கடத்தும், அனுஷ்டானத்தைக் கடத்தாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டேனியல்களின் தஞ்சைக் கோயில் படம் 1798-ல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே சரபோஜி மன்னரிடமிருந்து தஞ்சை ராஜ்ய நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. நம் கோபுரங்களை வியந்து பார்த்த கண்ணும், நம் நாட்டைக் கைப்பற்றிய கையும் ஒரே காலத்தவை. இருந்தும் அப்படங்களை ஒதுக்கிவிட முடியாது. புகைப்படக் கருவி வருவதற்கு முன் நம் கோயில்களும் அரண்மனைகளும் எப்படி இருந்தன என்பதற்கு அவை அருமையான சாட்சி.

கொல்கத்தாவில் உள்ள அங்கத்தினர்கள் விக்டோரியா மெமோரியலில் டேனியல்களின் ஓவியங்களைக் காணலாம். மற்ற ஊர்களில் உள்ளவர்களும், தாத்தா காலத்துப் பெட்டியில் பழைய படம் ஏதேனும் அகப்பட்டால் அவசரப்பட்டுக் கழித்துவிட வேண்டாம். பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரே சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்காலப் பிரதி. ஒழுங்கற்ற நுண்மணிகளும், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடமும், அடியில் வெளியிட்ட தேதியும் இருந்தால் அசலாக இருக்கக்கூடும். ஓரத்தை வெட்டிச் சட்டத்துக்குள் அடக்கிவிடாதீர்கள். சரித்திரம் பல சமயம் அந்த ஓரத்தில்தான் எழுதியிருக்கும்.