புகைப்பழக்கமும் நிக்கொட்டீன் மருந்தும்

புகைப்பவன், நினைத்தபோது இப்பழக்கத்தை விட்டுவிடலாம் என்றே நம்புகிறான். விட முயன்று தோற்றபோது, தன் மனவுறுதியிலேதான் குறை என்று நொந்துகொள்கிறான். சுற்றத்தாரும் அவ்வாறே கூறுவர். இக்குறை மனத்தைச் சார்ந்ததா, உடலைச் சார்ந்ததா என்னும் வினாவுக்கு விடை காண மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் சென்றது.

போர்த்துக்கலில் பிரெஞ்சுத் தூதுவராயிருந்த நிக்கோ என்பவர் 1560ஆம் ஆண்டளவிற் புகையிலையைத் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயரால் வழங்கலான நிக்கொட்டீன் என்னும் சாரத்தை, 1828ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரிலே பொசெல்ட், ரைமான் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். பொருள் தெரிந்தது, அதன் பிடி தெரியவில்லை. அமெரிக்கத் தலைமைச் சுகாதார அதிகாரியின் 1964ஆம் ஆண்டு அறிக்கை, புகைத்தல் ஆண்களுக்கு நுரையீரற் புற்றுநோயை விளைவிக்கும் என்று தெளிவுறக் கூறியது. ஆயினும், புகைத்தலை அது வெறும் பழக்கமென்றே வகுத்தது.

சுவீடனிலோ வேறொரு வழி திறந்தது. நீர்மூழ்கிக் கப்பலிற் புகைத்தல் ஆகாது. அங்கே பணிபுரிந்த மாலுமிகள் வாயிலே புகையிலையை அடக்கித் தம் வேட்கையைத் தணித்துக்கொண்டனர். லுண்ட் நகரத்து வைத்தியர் லுண்ட்கிரென் இதனைக் கவனித்து, 1967ஆம் ஆண்டில் மருந்தாக்க விஞ்ஞானியான ஊவே பெர்னோவுக்கு எழுதினார். உடல் வேண்டி நிற்பது புகையையன்று, நிக்கொட்டீனையே என்பது இதனாற் புலனாயிற்று. பெர்னோவும் புகைக்கு ஆட்பட்டவரே. வாயின் உட்தோல் வழியே நிக்கொட்டீனைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் மெல்லும் பசையொன்றை அவர் ஆக்கினார். 1978ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தும், 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவும் அதனை மருந்தாக ஏற்றன.

மருந்து யாருக்கு வேண்டும்? சுவீடன் உளவியலாளர் பாகர்ஸ்ட்ரோம் 1978ஆம் ஆண்டில் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். துயிலெழுந்து எவ்வளவு நேரத்துள் முதற் சிகரட்டைப் பற்றவைக்கிறீர்? புகைத்தல் தடுக்கப்பட்ட இடத்தில் அடக்கிக்கொள்வது கடினமா? நோயுற்றுப் படுக்கையிற் கிடக்கும்போதும் புகைப்பீரா? இத்தகைய எளிய வினாக்களே அவை. 1991ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, எழுந்த 5 நிமிடத்துள் புகைப்பவனே மிகுந்த புள்ளி பெறுவான். அவன் உடல் நிக்கொட்டீனுக்கு ஆட்பட்டுவிட்டது என்பதே அதன் கருத்து. 1988ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுகாதார அறிக்கையும் நிக்கொட்டீன் அடிமைப்படுத்தும் பொருளே என்று அறுதியிட்டது.

நஞ்சை நஞ்சாற் போக்குவதா என்று ஐயுறுவோர் உளர். புற்றுநோயை விளைவிப்பன பெரும்பாலும் புகையிலுள்ள தார் முதலிய பொருள்களே. மெல்லும் பசையில் அப்புகை இல்லை. அளவும் நாளடைவிற் குறைக்கப்படும். மருந்தின் துணையோடு முயல்வோருள் வெற்றி பெறுவோர், துணையின்றி முயல்வோரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கினர் என ஆய்வுகள் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. எனினும், மருந்து மாயமன்று. முயற்சிக்கு ஊன்றுகோல் மட்டுமே. கருவுற்றோரும் இருதய நோயாளரும் வைத்தியரைக் கேட்டே கொள்ளல் வேண்டும்.

ஆகவே, காலையில் முதற் சிகரட்டைத் தேடும் கை, குணக்கேட்டின் அடையாளமன்று. சிகிச்சை வேண்டி நிற்கும் ஒரு நோயின் குறி. அதனை உணர்ந்தவன் தன்னை நொந்துகொள்வதை விடுத்து, வைத்தியரை நாடுவானாக.