காசக் கிருமியும் ஒரு பெயரின் வரலாறும்

கொக்குவிலுக்கு அண்மையிலுள்ள மானிப்பாயிலே, அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார் என்பது நேயர்கள் அறிந்ததே. 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873இல் விடைபெற்ற அப்பெரியார், உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் ஏற்ற தமிழ்ப் பெயர் தேடி அரும்பாடுபட்டவர். ஆயினும், காசநோயின் காரணத்தை அவர் இங்கிருந்த காலத்தில் எவரும் அறிந்திலர். 1882 மார்ச் 24ஆந் தேதி பேர்லினிலே றொபேட் கொக் என்பவர் காசக் கிருமியை அறிவித்தார்.

அக்கிருமி சுவாசப்பையை அடைந்ததும், நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவற்கலங்கள் அதனையும் விழுங்குகின்றன. ஆனால் அது அழியாமல், விழுங்கிய கலத்தினுள்ளேயே குடியிருக்கின்றது. இவ்வாற்றல் அதற்கு எங்ஙனம் வந்தது?

1993இல் லீ றைலி முதலிய ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செய்தனர். காசக் கிருமியின் பரம்பரைப் பொருளில் ஒரு துண்டை எடுத்து, தீங்கற்ற குடற் பற்றீரியாவிற் புகுத்தினர். அப்பற்றீரியா மனிதக் கலங்களினுள் நுழைந்தது. எனவே அத்துண்டிலிருந்த மரபணுவுக்குப் 'பாலூட்டிக் கல நுழைவு' எனப் பொருள்படும் பெயர் சூட்டப்பெற்றது.

1998இல் காசக் கிருமியின் ஏறத்தாழ 44 இலட்சம் மரபெழுத்துக்களும் வாசிக்கப்பட்டபோது, இத்தகைய மரபணுத் தொகுதிகள் நான்கு காணப்பட்டன. நோய் விளைக்காத மண்வாழ் பற்றீரியாக்களிலும் அவற்றின் இனங்கள் உண்டு. மனிதக் கலத்தையே காணாத உயிருக்கு, அதனுள் நுழையும் கருவி எதற்கு?

2003இல் றைலியின் ஆய்வுகூடத்தாரே முதலாந் தொகுதியைச் சிதைத்த கிருமியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். நோய் தணியவில்லை, கடுமையாயிற்று! 2008இல் நான்காந் தொகுதி, கலத்திலுள்ள கொலஸ்திரோலைக் கிருமிக்குள் கொண்டுசெல்லும் வாயில் எனத் தெரியவந்தது. முதலாந் தொகுதி கொழுப்பமிலங்களைக் கொண்டுசெல்வதென்பதும் பின்னர் விளங்கிற்று. கதவுடைக்கும் கருவியெனக் கருதப்பட்டவை, உள்ளே புகுந்தபின் உணவு கொணரும் வழிகளாயின.

முதற் சோதனை பொய்யன்று. இரவற் கிருமி ஒன்று ஆய்வுகூடத்திற் செய்ததை, காசக் கிருமி நம் உடலிற் செய்யும் முதன்மைத் தொழிலாக அப்பெயர் எண்ணச் செய்தது. பெயர் இன்றும் மாறவில்லை, பொருளே மாறியது. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி மாத்திரமன்று. நுழைவைத் தடுக்க மருந்து தேடுவது ஒரு வழி. உள்ளிருக்கும் பகைவனின் உணவை மறிப்பது வேறொரு வழி. எவ்வழியிற் செல்வதென்பதை, பெயரின் பின்னே உள்ள உண்மையே காட்டல் வேண்டும்.